கல்லும் முத்தும் ஓர் அமானிதமும்

 

உங்கள் இல்லத்துப் பெண்மணிகளின் நகைப்பெட்டியில் ஒரு முத்தாவது இருக்கக்கூடும். வெற்றிலைச் செல்லம் இருக்கும் வீடாயின் அதில் சுண்ணாம்பு இருக்கும். கடற்கரை ஊர்க்காரர்களாயின் கண்ணாடி அலமாரியில் ஒரு சங்கோ சிப்பியோ கட்டாயம் இருக்கும். இவற்றுள் முத்தும் சங்கும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருள் கடலை விட்டு வெகுதூரம் விலகிய மலைச் சரிவுகளில், செங்களிமண்ணுக்குள்ளே, ஆறு பட்டை தீட்டிய சிறு தூண்களைப் போல விளைந்து கிடக்கிறது என்றால் நம்புவீர்களா? கனிமவியலார் அதற்கு இட்டிருக்கும் பெயர் அரகோனைட்.

மத்ரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்கு, அதிலும் கல்லூரியில் வரலாறு படித்தவனுக்கு, கல்லோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டாரும் அப்படித்தான் கேட்டார்கள். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காக மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகருக்குச் சென்றார். விடுமுறையில் ஊர் திரும்பியபோது பேரீச்சம்பழத்தோடு, செய்தித்தாளில் சுற்றிய செந்நிறப் பொருள் ஒன்றையும் என் கையில் வைத்தார். எல்லாத் திசையிலும் முளைத்த தடித்த கதிர்கள். உள்ளங்கை அளவில் ஒரு விண்மீன். ஃபெஸ் நகருக்குத் தெற்கேயுள்ள ஸஃப்ரூ மாகாணத்தில், தஸூத்தா என்னும் இடத்தில் கிடைப்பது இவ்வகை. 1957-இல் ரஷ்யர்கள் ஏவிய செயற்கைக்கோளை நினைவூட்டுவதால் வணிகர்கள் இதை ‘ஸ்புட்னிக்’ என்கிறார்கள். எந்தக் கொல்லனும் அடிக்காமல், எந்தச் சாணைக்காரனும் தீட்டாமல், இருளில் தானாக உருவான ஒழுங்கு அது. சுப்ஹானல்லாஹ்! அன்று தொடங்கியது என் சேகரிப்பு. இன்று என்னிடம் முப்பத்தொரு கற்கள் உள்ளன. பெரும்பாலானவை அன்பளிப்பாய் வந்தவை. விலை கொடுத்து வாங்கியவற்றுள் எதுவும் ஓர் ஆட்டிறைச்சிச் சமையலுக்கு ஆகும் செலவைத் தாண்டவில்லை என்பதை, வீண்விரயம் பற்றிக் கவலைப்படும் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இக்கல்லின் பெயருக்குப் பின்னே நம் வரலாறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பெயினில் மொலினா தெ அரகோன் என்றொரு சிற்றூர். அங்கே கிடைத்த படிகங்களைக் கொண்டே ஜெர்மானியக் கனிமவியல் ஆசான் ஆபிரகாம் வெர்னர் 1790களில் இப்பெயரைச் சூட்டினார். ஆனால் அவ்வூர் அரகோன் மாநிலத்தில் இல்லை. குவாதலஹாரா மாகாணத்தில் இருக்கிறது. ‘குவாதலஹாரா’வை மெல்லச் சொல்லிப் பாருங்கள். ‘வாதில் ஹிஜாரா’, அதாவது கற்களின் பள்ளத்தாக்கு! அந்தலூஸ் முஸ்லிம்கள் இட்ட அரபுப் பெயரே திரிந்து அவ்வாறு நிற்கிறது. மொலினாவின் குன்றின் மீதுள்ள கோட்டையும் முஸ்லிம்களின் காவற்கோட்டை இருந்த இடத்திலே எழுந்ததுதான். 1128-ஆம் ஆண்டளவில் அவ்வூர் அரகோன் மன்னன் அல்ஃபோன்சோவின் கைக்குப் போயிற்று. எந்தப் படிகத்துக்காக அம்மாகாணம் கனிமவியலாரிடம் பெயர் பெற்றதோ, அதை அறியாமலே நம் முன்னோர் அதைக் கல்லின் பெயரால் அழைத்திருக்கிறார்கள். வரலாறு படித்தவனுக்கு இவ்வளவு போதாதா, கல்லின் மீது மையல் கொள்ள!

இனி, அது என்ன பொருள் என்பதைப் பார்ப்போம். சுண்ணாம்புக் கல்லும் சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட் என்னும் பொருளால் ஆனவை. அப்பொருளின் வழக்கமான படிக உருவத்துக்குக் கால்சைட் என்று பெயர். அரகோனைட்டும் அதே கால்சியம் கார்பனேட்தான். எடையிலும் விகிதத்திலும் கூட்டுப்பொருள் ஒன்றே. ஆனால் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை வேறு. ஒரே எழுத்துகள் இடம் மாறினால் வேறு சொல்லாவதை அரபு மாணவர்கள் அறிவார்கள். கல்லிலும் அப்படியே. 1788-இல் கிளாப்ரோத் என்னும் வேதியியலார் இவ்விரண்டின் கூட்டுப்பொருளும் ஒன்றென்று கண்டு சொன்னபோது அறிஞர் உலகம் திகைத்தது. ஒரு பொருளுக்கு ஓர் உருவமே இருக்கும் என்பது அக்காலத்து உறுதியான கொள்கை. அந்தப் புதிர் அவிழ்ந்தது 1820களில்; ஒரு பொருள் இரண்டு உருவில் படிகமாக முடியும் என்று மிட்சர்லிக் என்பவர் நிறுவினார்.

அடுக்கு நெருக்கமாக இருப்பதால் அரகோனைட் சற்றுக் கனமானது. நீரைப்போல 2.93 மடங்கு அதன் அடர்த்தி, கால்சைட்டுக்கு 2.71 மடங்கு. இந்தச் சிறு வேறுபாட்டை வைத்து இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறியலாம். நகைக்கடைத் தராசில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீர் நிறைந்த குவளையைத் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் நீருக்குள் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்தான் கல் விலக்கிய நீரின் எடை. என் கல் ஒன்று 88 கிராம். நீரில் காட்டியது 30 கிராம். வகுத்தால் 2.93. அது கால்சைட்டாக இருந்திருந்தால் முப்பத்திரண்டரைக் கிராம் காட்டியிருக்கும். களிமண்ணும் காற்றுக் குமிழியும் கல்லில் ஒட்டியிருந்தால் கணக்குப் பிசகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இம்முறை ஐரோப்பியருக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பீரூனி அவர்கள் இதைத்தான் செய்தார்கள். குறுகிய கழுத்தும் வளைந்த மூக்கும் கொண்ட ஒரு பாத்திரத்தில் நீரை நிரப்பி, பொருளை உள்ளே இட்டு, மூக்கு வழியே வழியும் நீரை நிறுத்து, பதினெட்டு வகை உலோகங்களுக்கும் மணிகளுக்கும் ஒப்பெடை கண்டார்கள். மணிகளைப் பற்றி அவர்கள் எழுதிய ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் நூலில் முத்துக்கென்று நீண்ட பகுதியே உண்டு. இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நாளில் வகுப்பில் எந்தப் பையனும் தூங்கவில்லை. அரபு இலக்கண ஆசிரியனுக்கு இது அரிதாகக் கிடைக்கும் பாக்கியம்.

மொலினாக் கல்லில் இன்னொரு நுட்பமும் உண்டு. பார்ப்பதற்கு ஆறு பக்கத் தூண். உண்மையில் அது ஒரு படிகம் அன்று, மூன்று படிகங்கள் ஒன்றையொன்று ஊடுருவி வளர்ந்த கூட்டு. அரகோனைட்டின் தனிப் படிகத்தில் பக்கங்கள் சந்திக்கும் கோணம் சுமார் 116 பாகை. சரியான அறுகோணத்துக்குத் தேவையோ 120. அந்தக் குறை பக்கங்களில் மெல்லிய பள்ளக் கோடுகளாகத் தெரியும். நகத்தால் தடவினால் உணரலாம். போலியையும் பிறவற்றையும் இனம் காண எனக்கு முதலில் உதவுவது இந்தப் பள்ளம்தான். ஆஸ்திரியாவின் எர்ட்ஸ்பெர்க் இரும்புச் சுரங்கத்தில் வேறொரு வடிவம் கிடைக்கிறது. வெண்பவளக் கொடிபோல் கிளைத்துச் சுருண்ட அதற்கு ‘இரும்புப் பூ’ என்று பெயர். அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இனிப் பராமரிப்பு. இல்லத்தரசிகள் இதைச் சற்றுக் கவனித்துப் படிக்கவேண்டும்; ஏனெனில் கல்லுக்குச் சொல்வது முத்துக்கும் பொருந்தும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் எலுமிச்சையும் போட்டு விளக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. அரகோனைட்டின் பக்கம் புளிப்பு எதுவும் வரக்கூடாது. எலுமிச்சைச் சாறு, காடி, குளியலறை கழுவும் அமிலம் இவற்றில் எது பட்டாலும் கல் நுரைத்துக் கரையும். மொராக்கோ கற்கள் செம்மண் அப்பி வரும். கல்லைச் சுத்தமான நீரில் சிறிது நேரம் நனைத்து, மென்மையான தூரிகையால் களிமண்ணைத் தளர்த்தவேண்டும். இடுக்குகளுக்கு நான் பயன்படுத்துவது, நுனி நார் நாராகப் பிரிந்து பதமான மிஸ்வாக் குச்சி. இரும்பு ஊசி வேண்டாம், அது கீறும். சில கற்களில் ஜிப்சம் ஒட்டியிருக்கும். அது நீரில் சிறிது கரையும் தன்மையது. ஆகவே இரவு முழுவதும் ஊறப்போடுவது நல்லதன்று. நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைக்கவேண்டாம். சுமார் 400 பாகை வெப்பத்துக்கு மேல் அரகோனைட் தன் அடுக்கை விட்டுக் கால்சைட்டாக மாறிவிடும். சமையலறைச் சூடு அவ்வளவு இல்லைதான். ஆயினும் திடீர்ச் சூட்டில் மெல்லிய கதிர்கள் வெடிக்கும்.

எடுக்கும்போது கதிரைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்து எடுக்கவேண்டும். ‘ஸ்புட்னிக்’ வாங்குவோர் கதிர்களின் அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உடைந்ததைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பளபளப்பு வேறாகத் தெரியும். ஒட்டியதை ஒட்டியதென்று சொல்லி விற்பவரிடம் வாங்கலாம். மறைத்து விற்பவர் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

முத்துமாலையைப் பொறுத்தவரை, அத்தர் பூசி முடித்த பிறகே அணியுங்கள். கழற்றியதும் ஈரம் பிழிந்த மென்துணியால் வியர்வையைத் துடைத்து வையுங்கள். முத்துக்கு ஸகாத் உண்டா என்று மக்தபில் அடிக்கடி கேட்கிறார்கள். வணிகச் சரக்காக இல்லாத முத்துக்கும் மணிகளுக்கும் ஸகாத் இல்லை என்பதே பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு. ஆனால் முத்தைக் கோத்திருக்கும் தங்கத்தின் கணக்கு வேறு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கு வைப்பது என்பதுதான் இதில் மிகப் பெரிய கேள்வி. இதைக் கல்லைக் கொண்டு விளக்குவதைவிட, எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்வது நலம்.

எங்கள் பாட்டனார் சங்கு வணிகர். மன்னார் வளைகுடாவில் நம் மக்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போய் வளையல்களாயின. வந்த சரக்கில் வடிவும் நிறமும் சிறந்த பதினான்கு சங்குகளை அவர் விற்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். கூடவே ஒரு தகரப் பேழையில் கடுகளவு தூள் முத்துகள். வாரிசுகள் அவற்றை உடனே பங்கிட மனமின்றி, கணவரை இழந்து பூர்வீக வீட்டில் தங்கியிருந்த மாமியிடம் அமானிதமாக ஒப்படைத்தார்கள். மாமி ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் தூசி தட்டிப் பழைய துணியில் சுற்றி வைப்பார்கள். 2016-இல் வீட்டைப் புதுப்பித்தபோது பழைய மரப்பெட்டகம் கரையான் அரித்துப் போயிருந்ததால், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் புதிய அலமாரி செய்தார்கள். சங்குகள் அதன் இழுப்பறைக்குள் போயின. மாமிக்கு முழங்கால் வலி. முன்போல் அடிக்கடி எடுத்துப் பார்க்க முடியவில்லை.

2021-இல் பங்கு பிரிக்க எல்லோரும் கூடினோம். இழுப்பறையைத் திறந்ததும் காடி நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. சங்குகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பாலாடை போன்ற பளபளப்பு எங்கே? தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “வாப்பா வைத்த சங்கா இது? நல்லதையெல்லாம் விற்றுவிட்டுக் கரையில் கிடந்த ஓட்டை வைத்தால் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டார். மாமியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மாமி எழுந்து உள்ளே போனார்கள். அதன்பின் எட்டு மாதங்கள், குடும்பத்தில் எந்த நிகாஹுக்கும் அவர்கள் வரவில்லை. வெளியில் சொல்லிக் கொள்ளாத துயரம் அது. அமானிதத்தில் மோசம் செய்தவள் என்ற பெயர், அறுபத்தெட்டு வயதில், தன் உடன்பிறந்தாரிடமிருந்து!

எனக்கு அந்த நெடியே விடையாகத் தோன்றிற்று. கற்களைப் பற்றிப் படித்தபோது ‘பைன் நோய்’ என்றொன்றைப் பற்றியும் படித்திருந்தேன். லொஃப்டஸ் பைன் என்னும் ஆங்கிலேயர் 1899-இல், அலமாரிகளில் வைத்த சிப்பிகள் தாமாக வெண்பொடியாய் அரிவதைப் பற்றி எழுதினார். கிருமியே காரணம் என்று அவர் கருதினார். உண்மையில் அது நோயும் அன்று, கிருமியும் அன்று. சிலவகை மரங்களும், அவற்றைவிட மோசமாக, பசை கலந்து அழுத்திய பலகைகளும், மூடிய இடத்தில் அசிட்டிக் அமிலத்தையும் ஃபார்மிக் அமிலத்தையும் ஆவியாக வெளிவிடுகின்றன. காடியின் புளிப்பும் எறும்புக் கடியின் எரிச்சலும் முறையே இவ்விரண்டால் வருவன. கடற்கரையின் ஈரக்காற்றில் இந்த ஆவி சங்கின் மேல் படிந்து, அதன் சுண்ணாம்பைத் தின்று, உப்பாகப் பூக்கிறது. சங்கில் முன்பே கடலுப்பு எஞ்சியிருந்தால் அரிப்பு இன்னும் விரைவு. காடி நம் உணவுத் தட்டில் பாராட்டுக்குரியது. இழுப்பறைக்குள் வந்தால்தான் வம்பு.

ஆயினும் சந்தேகத்தை வேதியியல் தீர்க்காது. “பொடி ஏன் வந்தது என்பது சரி, இவை அதே சங்குகள்தாம் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்பவருக்கு என்ன சொல்வது? பாட்டனாரின் கணக்குப் புத்தகங்களைத் தேடினேன். மூன்றாவது புத்தகத்தின் கடைசித் தாள்களில், அறபுத்தமிழில், பதினான்கு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் இலக்கம், எந்தப் பாரில் எடுத்தது, எந்த ஆண்டு, எத்தனை தோலா எடை. மேலே ஒரு குறிப்பு: இலக்கங்களைச் சங்கின் வாய்க்குள் மசியால் எழுதியிருக்கிறேன் என்று.

மாமியின் அனுமதியோடும், மற்ற வாரிசுகளில் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டும், சங்குகளை நல்ல நீரில் இட்டேன். நாளுக்கு இருமுறை நீரை மாற்றி மூன்று நாட்கள். அந்த வெண்ணுப்பு நீரில் கரையக்கூடியது, கரைந்து போயிற்று. அரித்த இடம் திரும்பி வளராது. பளபளப்பு போனது போனதுதான். உலர்ந்தபின் கைவிளக்கை வாய்க்குள் பிடித்துப் பார்த்தோம். ஆழத்தில், அரிப்பு அதிகம் எட்டாத இடத்தில், பாட்டனாரின் கையெழுத்தில் அரபு எண்கள். ஒன்பது சங்குகளில் தெளிவாக இருந்தன. மீதி ஐந்தில் மசி அழிந்திருந்தது. அவற்றை நிறுத்தோம். ஒரு தோலா 11.66 கிராம். ஏழாம் இலக்கம் 41 தோலா என்று எழுதியிருந்தார். அதாவது 478 கிராம். தராசு காட்டியது 476. மற்ற நான்கும் அதேபோல் இரண்டு மூன்று கிராம் குறைவில் வரிசையாகப் பொருந்தின. பொடியாய் உதிர்ந்த எடை அவ்வளவு.

குறை சொன்னவர் அன்று மஃரிபுக்குப் பின் மாமியிடம் போய்ப் பொருத்தம் கேட்டார். மாமி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “பெருநாளைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா வாப்பா” என்றார்கள். தூள் முத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை தகரப் பேழைக்குள் இறுக மூடியிருந்ததால் ஆவி எட்டவில்லை.

ஆகவே வாசகர்களே, அரகோனைட் கல்லோ சங்கோ சிப்பியோ முத்தோ உங்களிடம் இருந்தால், புதிய பலகை அலமாரியிலும் மட்டமான அட்டைப்பெட்டியிலும் அடைக்காதீர்கள். நம் வீட்டு இரும்புப் பீரோ போதுமானது. அதற்குள் கண்ணாடிப் புட்டியோ, நல்ல பிளாஸ்டிக் டப்பாவோ, அடியில் வெள்ளைப் பருத்தித் துணியோ வையுங்கள். கல்லோடும் சங்கோடும் சிப்பியோடும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றைக் கூட வைப்பது நன்று. மருந்துப் புட்டிகளில் வருவதைச் சேர்த்து வைத்தாலே போதும். ஆண்டுக்கு இருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் அன்றே இடம் மாற்றுங்கள். கடலிலிருந்து வந்த எதையும் சேமிப்பதற்கு முன் பலமுறை நல்ல நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிவிடுங்கள்.

சேகரிப்பதிலும் எல்லை உண்டு. நம் கடற்கரையில் பவளப்பாறைத் துண்டுகள் ஒதுங்கும். பிள்ளைகள் பொறுக்கி வருவார்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன. செத்துக் கரை ஒதுங்கியதையும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் சொல்லவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. அவ்வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. என் முப்பத்தொரு கற்களில் பவளம் ஒன்றுகூட இல்லை.

பவளத்தைப் பார்க்க விரும்பினால் அல்லாஹ்வின் இல்லங்களிலேயே பார்க்கலாம். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 1658-இல் கட்டி முடித்த ஹுகுரு மிஸ்கீ என்னும் ஜும்ஆப் பள்ளிவாசல், கடலிலிருந்து வெட்டிய பவளக் கற்களால் ஆனது. ஈரமாக இருக்கும்போது மரம்போல் செதுக்க இசையும் அக்கல், உலர்ந்தபின் இறுகும். சுவர்களில் அரபு எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். ஜித்தாவின் பழைய நகரத்து மாளிகைகளும் பவளக் கல்லால் எழுந்தவைதான். ஹஜ்ஜுக்குச் சென்றவர்களில் சிலர் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். அவ்வகைப் பாறைப் பவளம் அரகோனைட். ஆனால் நகைக்கடையில் விற்கும் மத்தியதரைக் கடலின் செம்பவளமோ கால்சைட் வகையைச் சேர்ந்தது. அல்லாஹ் திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் லுஃலுவையும் மர்ஜானையும் ஒருசேரக் குறிப்பிடுகிறான். மர்ஜான் என்பது பவளம் என்பாரும், முத்தில் ஒருவகை என்பாரும் விரிவுரையாளரில் உண்டு. முத்துச்சிப்பியின் ஓட்டை எடுத்துப் பாருங்கள்: வெளிப்புறம் கரடாக இருப்பது கால்சைட், உட்புறம் வானவில் காட்டுவது அரகோனைட். ஒரு விரல் கனத்துக்கும் குறைந்த ஓட்டுக்குள், பெயரில்லாத ஓர் உயிர், கிளாப்ரோத்தைத் திகைக்க வைத்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவைக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். இக்கற்களைச் சக்தி தரும் கல், மனக்கவலை போக்கும் கல், வீட்டுக்கு நன்மை சேர்க்கும் கல் என்றெல்லாம் சொல்லி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். முஸ்லிம் வீடுகளிலும் தலையணைக்கடியில் வைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஹஜருல் அஸ்வத் முன்னே நின்று உமர் (ரலி) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தக் கல்லைப் பற்றியே அப்படிச் சொன்னார்கள் என்றால், ஸஃப்ரூவின் செங்கல்லுக்கு என்ன பேச்சு! ஒரு தாயார் தம் மகனுக்குப் படிப்பு வரவேண்டி என்னிடம் ஒரு கல் கேட்டார்கள். கல்லைக் கொடுத்தேன், நிறுத்து அடர்த்தி கண்டு வரும்படி மகனிடம் சொல்லியனுப்பினேன். 2.9 என்று எழுதி வந்தான். கணக்கு சரிதான்.

பாட்டனாரின் அந்தப் பதினான்கு வரிகளைப் பார்த்தபின், என் கற்களுக்கெல்லாம் புதிதாகச் சீட்டு எழுதினேன். எங்கே கிடைத்தது, யார் எடுத்தது, யார் வழியாக என் கைக்கு வந்தது, எந்த நாள். ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது புதிதன்று. மத்னுக்கு முன்னால் ஸனது. இடம் தெரியாத கல் கனிமவியலாருக்குப் பெரிதும் பயன்படாது. சீட்டு தொலைந்தாலும் கல்லைக் கண்டுகொள்ளும்படி, அடியில் வெள்ளைப் பூச்சு ஒரு புள்ளி வைத்து, அதன்மேல் கறுப்பு மசியால் இலக்கம். மொராக்கோ கற்களுக்கு ஸனது உறுதி; மாணவர் நேரில் சென்று வாங்கியவை. மொலினாக் கல்லென்று சொல்லி வந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும், இடத்துக்கு நேரே, ‘விற்றவர் சொன்னது, வேறு சாட்சி இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.